‘ஃபார்மேட் செய்யவா?’ எனக் கேட்ட கம்ப்யூட்டர்... தப்பிப் பிழைத்த அம்மாவின் குரல்!

திருநின்றவூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது அந்த வீடு. இரவில் திருவள்ளூர் போகிற லோக்கல் ரயிலின் ஹாரன் கூடத்துக்குள் தெளிவாகக் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. ஆனால், கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காதில் விழவில்லை. அவர் கண் கம்ப்யூட்டர் திரையிலேயே இருந்தது.

ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் திதிக்கு இன்னும் பத்தே நாள். பீரோவின் மேல்தட்டிலிருந்து கறுப்பு நிற ஹார்டு டிஸ்க் ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டரில் சொருகியிருந்தார். அதன் மேல் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டரில் மகளின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘அம்மா’.

அந்த டிஸ்க்குக்குள் அம்மாவின் குரல் இருந்தது. மாவடு போடும் பக்குவம், கூழ் வடாம் பிழியும்போது சொன்ன ஊர்க்கதை, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஏரிக்கரை எப்படி இருந்தது என்கிற நினைவு... மகள் போனை வைத்து அவ்வப்போது பதிவு செய்து சேர்த்தவை. கூடவே, இருவருக்கும் நடந்த அறுபதாம் கல்யாணத்தின் வீடியோ.

டிஸ்க்கைச் சொருகியதும் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் ஒரு செய்தி காட்டியது. ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யவா?’ என்பது அதன் பொருள்.

ஏதோ சரிசெய்து தருகிறேன் என்கிறது போல என நினைத்தார் அப்பா. ‘ஃபார்மேட்’ பட்டனை அழுத்தினார். இன்னொரு பெட்டி திறந்தது. அதில் ‘ஸ்டார்ட்’ என்று இருந்தது. அதையும் அழுத்தினார். மூன்றாவதாக, மஞ்சள் முக்கோணத்துடன் ஓர் எச்சரிக்கை வந்தது. அதில் ‘எரேஸ்’ என்ற ஒரு சொல் அவர் கண்ணில் பட்டது. ஃபேக்டரியில் டிராயிங் ஷீட்டோடு பழகியவர். எரேஸ் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, பூந்தமல்லியில் இருக்கும் மகளுக்கு போன் செய்தார்.

“பாப்பா, தூங்கிட்டியா? உன் ஹார்டு டிஸ்க்கைப் போட்டேன். ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். இப்போ எல்லாத்தையும் அழிச்சிடுவேன்னு சொல்லுது.”

மறுமுனையில் சில நொடிகள் சத்தமே இல்லை.

“அப்பா... ஓகே அமுக்கிட்டீங்களா?”

“இல்லம்மா. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்.”

“வேற எதையும் தொடாதீங்கப்பா. கேன்சல் மட்டும் அமுக்குங்க. எல்லாப் பெட்டியையும் மூடிட்டு, ஒயரைக் கழட்டிடுங்க.”

கழற்றிவிட்டார். அம்மாவின் குரல் ஒரு கிளிக் தூரத்தில் தப்பித்தது.

காக்களூரில் தொடங்கிய கதை

டிஸ்க் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருந்த ஒரு ஃபைலுக்கும் சேதமில்லை. அப்புறம் ஏன் கம்ப்யூட்டர் அப்படிக் கேட்டது?

அதற்குப் பதில் 2011-ல் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மகள் அப்போது பிளஸ் டூ மாணவி. அவளுக்கும் ஒரு லேப்டாப் கிடைத்தது. அந்தத் தெருவுக்கே அது முதல் லேப்டாப்.

அன்றைய அரசு லேப்டாப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஆன் செய்ததும் ‘எதில் நுழைய வேண்டும்?’ என்று கேட்கும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று ‘பாஸ்’ லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007-ல் வெளியிட்ட இந்திய இயக்குதளம் அது. பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸையே தேர்ந்தெடுத்தார்கள். மகளோ பாஸ் பக்கம் போனாள். காரணம் ரொம்பச் சின்னது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரைப்படத்தை மாற்ற முடியாது. மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை அதில் தரவில்லை. பாஸில் மாற்றலாம். அம்மா மொட்டை மாடியில் நிற்கும் போட்டோவைத் திரையில் வைப்பதற்காக லினக்ஸுக்குப் போனவள், இன்ஜினீயரிங் படித்து முடித்த பிறகும் லினக்ஸை விடவில்லை.

பின்னாளில் 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கியபோது, அந்த அரசு லேப்டாப்பில் சொருகி, லினக்ஸுக்கு உரிய ‘ஈ.எக்ஸ்.டி 4’ என்ற முறையில் ஃபார்மேட் செய்தாள். அம்மாவின் பதிவுகளை அதில்தான் சேர்த்தாள். அப்பாவின் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ். அதற்கு ஈ.எக்ஸ்.டி 4 தெரியாது.

பின் கார்டு தெரியாத ஸ்டோர் கீப்பர்

மறுநாள் மகள் போனில் விளக்கிய விதம், ஃபேக்டரியில் வேலை பார்த்தவருக்குச் சட்டென்று புரிந்தது.

“உங்க ஃபேக்டரி ஸ்டோர்ல எந்த சாமான் எந்த ரேக்ல இருக்குன்னு பின் கார்டுல எழுதி வைப்பாங்கல்ல? டிஸ்க்குக்குள்ளேயும் அப்படி ஒரு கணக்கு இருக்குப்பா. எந்த ஃபைல் எந்த இடத்துல ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், பேர் என்ன, எல்லாம் அதுல இருக்கும். அதுதான் ஃபைல் சிஸ்டம். நான் எழுதின கணக்கு உங்க கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியல. படிக்கத் தெரியாததால, ஸ்டோரே காலியா இருக்குன்னு நினைச்சு, புது பின் கார்டு போடட்டுமான்னு கேக்குது.”

அப்பா யோசித்தார். “அப்போ இது இன்ச் போல்ட்டுக்கு எம்.எம் ஸ்பேனர் போடற மாதிரி. அரை இன்ச் தலை உள்ள போல்ட்டுல 13 எம்.எம் ஸ்பேனர் உட்கார்ற மாதிரி தெரியும். முறுக்கினா முனை மழுங்கிடும்.”

“கரெக்ட்டுப்பா.”

அரை இன்ச் என்பது 12.7 மில்லி மீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. யூஎஸ்பி ஒயரும் அப்படித்தான். எல்லா கம்ப்யூட்டரிலும் சொருகிக்கொள்ளும். உள்ளே இருக்கிற கணக்கைப் படிக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். பீரோ மேலே அந்தப் பழைய அரசு லேப்டாப் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரோடு போட்டால் ஓடும். ஆன் செய்ததும் வரும் பட்டியலில் விண்டோஸை விட்டுவிட்டு ‘பாஸ்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ்வேர்டு, அவளுடைய பிளஸ் டூ பரீட்சை எண். அதை அப்பா மனப்பாடமாக வைத்திருந்தார். ரிசல்ட் வந்த அன்று ஆயிரம் முறை சொல்லிப் பார்த்த எண் அல்லவா!

அன்றிரவு, தூசி தட்டிய லேப்டாப்பில் டிஸ்க்கைச் சொருகினார். எந்தக் கேள்வியும் கேட்காமல் ‘அம்மா’ என்ற ஃபோல்டர் திறந்தது. பின்னால், திரையில், மொட்டை மாடியில் நிற்கும் அம்மா.

மறுநாள் காலையில் மகள் போன் செய்து, “கேட்டீங்களாப்பா?” என்றாள்.

“ஒண்ணு கேட்டேன். அப்புறம் மூடிட்டேன்” என்றார். அவளும் மேலே கேட்கவில்லை.

தம்பி கொண்டுவந்த மேக்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரும் வந்துவிட்டார்கள். தம்பி வேலை பார்ப்பது பெங்களூரில். அலுவலகத்தில் கொடுத்த ஆப்பிள் மேக் லேப்டாப்போடு வந்திருந்தான். “குடுக்கா, ஒரு காப்பி எடுத்துக்கறேன்” என்று டிஸ்க்கைச் சொருகினான். ‘இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை’ என்ற செய்தியும், கீழே ‘இனிஷியலைஸ்’ என்ற பட்டனும் வந்தன.

“டேய், அதுவும் அழிக்கிறதுதான்டா. தொடாதே” என்றாள் அக்கா.

ஒரே வீட்டில் மூன்று இயக்குதளங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கணக்கு முறை. விண்டோஸுக்கு 1993-ல் வந்த ‘என்.டி.எஃப்.எஸ்.’. லினக்ஸுக்கு 2008-ல் வந்த ஈ.எக்ஸ்.டி 4. மேக்குக்கு 2017-ல் வந்த ‘ஏ.பி.எஃப்.எஸ்.’. விண்டோஸ் டிஸ்க்கை மேக்கில் போட்டால் படிக்கலாம், எழுத முடியாது. லினக்ஸ் டிஸ்க்கை மற்ற இரண்டிலும் தனி மென்பொருள் இல்லாமல் படிக்கவே முடியாது.

“வாட்ஸ்அப்ல அனுப்பிட வேண்டியதுதானே?” என்றார் அப்பா. ஆடியோவை அனுப்பிவிடலாம். ஆனால், அறுபதாம் கல்யாண வீடியோ ஒரே ஃபைலாக 11 ஜிபி. வாட்ஸ்அப்பில் 2 ஜிபிக்கு மேல் போகாது.

தம்பி தன் பையிலிருந்து 32 ஜிபி பென் டிரைவை எடுத்தான். அக்கா அதைத் தன் லினக்ஸ் லேப்டாப்பில் சொருகி வீடியோவை காப்பி செய்யத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ‘ஃபைல் மிகப் பெரியது’ என்றது.

“முப்பது ஜிபி சும்மாதானேம்மா கிடக்கு? பதினொண்ணு எப்படிக் கொள்ளாம போகும்?” அப்பாவுக்குப் புரியவில்லை.

அந்த பென் டிரைவில் இருந்தது ‘ஃபேட் 32’. ஃபேட் என்கிற குடும்பமே 1977-ல் ஃபிளாப்பி காலத்தில் பிறந்தது. அதன் 32 என்கிற வடிவம் 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்போடு வந்தது. அதில் ஒவ்வொரு ஃபைலின் அளவையும் எழுதிவைக்க ஒதுக்கிய கட்டம் 32 பிட் மட்டுமே. அந்தக் கட்டத்தில் எழுத முடிகிற அதிகபட்ச எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிரைவில் எவ்வளவு இடம் இருந்தாலும் அதைவிடப் பெரிய ஃபைலை வைக்க முடியாது. பத்து ரூம் காலியாக இருக்கிற வீடுதான். ஆனால், பீரோ உள்ளே போக வாசல் அகலம் போதவில்லை.

1996-ல் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கே மொத்தம் ஒன்றிரண்டு ஜிபி இருந்தால் பெரிது. ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டும் என்று அன்றைக்கு யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

எல்லோருக்கும் பொதுவான ஒன்று

அக்கா புதிதாக ஒரு 1 டிபி டிஸ்க் வாங்கி வந்திருந்தாள். அதை ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மேட் செய்தாள். பழைய டிஸ்க்கை யாரும் தொடவில்லை. புதிய, காலியான டிஸ்க்கைத்தான் ஃபார்மேட் செய்தாள்.

எக்ஸ்ஃபேட் 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 4 ஜிபி தடை இதில் கிடையாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கேமரா மெமரி கார்டுகளுக்கு 2009-ல் இதையே பொது முறையாக ஏற்றுக்கொண்டார்கள். மேக்கில் 2010 முதல் படிக்கவும் எழுதவும் முடிகிறது.

லினக்ஸில்தான் தாமதமானது. இதன் காப்புரிமை மைக்ரோசாஃப்ட்டிடம் இருந்ததால், லினக்ஸ் உருவாக்குபவர்கள் தயங்கினார்கள். 2019 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் இதன் முழு விவரத்தையும் வெளியிட்டு, லினக்ஸில் சேர்க்கலாம் என்று அறிவித்தது. அந்த ஆண்டே லினக்ஸின் 5.4 பதிப்பில் முதல் முயற்சியாகச் சேர்ந்தது. 2020-ல் 5.7 பதிப்பில் சாம்சங் எழுதிக்கொடுத்த செம்மையான வடிவம் வந்தது.

“நான் டிஸ்க் வாங்கினப்போ லினக்ஸ்ல இது இல்லப்பா. அதனாலதான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணிட்டேன்” என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் குரல் கம்மியது. “எனக்கு மட்டும் திறக்கிற மாதிரி வச்சிட்டேன். ஒரு வருஷமா நீங்க கேக்கணும்னு நினைச்சும் கேக்க முடியாம இருந்திருக்கீங்க.”

“கேட்டா நீ அழுவேன்னுதான் கேக்கல” என்றார் அப்பா. “நானே போட்டுப் பாத்துக்கலாம்னு நினைச்சேன்.”

“நான் அக்காகிட்ட இருக்குன்னு விட்டுட்டேன்” என்றான் தம்பி.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்ததில், அம்மாவின் குரல் ஒரு வருடம் பீரோ மேலேயே கிடந்திருக்கிறது.

பெயரில் ஒரு சிக்கல்

காப்பி ஓடும்போது இரண்டு ஃபைல்கள் மறுத்தன. பார்த்தால், ‘மாவடு எப்படிப் போடணும்?’ என்று கேள்விக்குறியோடு பெயர் வைத்திருந்தாள். லினக்ஸில் அது செல்லும். விண்டோஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் கேள்விக்குறி, முக்கால் புள்ளி, நட்சத்திரக் குறி எல்லாம் ஃபைல் பெயரில் கூடாது. கேள்விக்குறியை எடுத்ததும் நகர்ந்தது.

அப்பா தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவுக்கும் விளக்கமாகப் பெயர் மாற்றினார். ‘அம்மா மொட்டை மாடியில் கூழ் வடாம் பிழிஞ்சுக்கிட்டே பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பக்குவம் சொன்னது’ என்று ஒன்று. விண்டோஸ் ஏற்றுக்கொண்டது. அதைப் பத்திரத்துக்காக அக்கா மறுபடி பழைய டிஸ்க்கில் வைக்கப் போனால், ‘பெயர் நீளம் அதிகம்’ என்றது.

ஈ.எக்ஸ்.டி 4-ல் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கோ, மெய்ப்புள்ளி, கால், கொம்பு எனத் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘அம்மா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 4 பைட். தமிழில் எழுதினால் 15. அதனால், தமிழ்ப் பெயருக்கு 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். எக்ஸ்ஃபேட்டில் பைட்டை எண்ணுவதில்லை. இப்படிப்பட்ட 255 குறிகள் வரை வைக்கலாம்.

“நம்ம அம்மாவுக்குத்தான் இடம் ஜாஸ்தி வேணும்” என்று சிரித்தார் அப்பா. பெயர்களைச் சுருக்கிவிட்டு, விளக்கத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அவருக்குப் பழக்கமான பின் கார்டு.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு டிஸ்க் இருக்கலாம். அதைச் சொருகியதும் ‘ஃபார்மேட்’ அல்லது ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டால், கேன்சல் செய்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தமில்லை. கணக்கைப் படிக்கத் தெரியாத இடத்தில் சொருகியிருக்கிறீர்கள் என்பதாகவும் இருக்கலாம். முதலில் அதை ஃபார்மேட் செய்தவர் யார், எந்த கம்ப்யூட்டரில் செய்தார் என்று கேளுங்கள். அதே கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

பல வகை கம்ப்யூட்டர் புழங்கும் வீட்டில், புது டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துகொள்வது வசதி. ஆனால், அதற்கும் ஒரு குறை உண்டு. என்.டி.எஃப்.எஸ்., ஈ.எக்ஸ்.டி 4 ஆகியவை தாங்கள் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளும். நடுவில் கரன்ட் போனாலும் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று பிடுங்கினால் கணக்கு குழம்பிவிடலாம். அதனால், ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டுக் கழற்றுவதைச் சோம்பேறித்தனத்தால் விடக் கூடாது.

எந்த ஃபார்மேட்டாக இருந்தாலும் ஒரே டிஸ்க்கை நம்பக் கூடாது. அந்த வீட்டில் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. பழைய டிஸ்க் அக்காவிடம். புது டிஸ்க் அப்பாவிடம். இன்னொரு காப்பி தம்பியின் சொந்த டிஸ்க்கில், பெங்களூரில்.

திதி அன்று

காலையில் திதி கொடுத்து முடிந்தது. சாயங்காலம், அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் போய்வந்த பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கு மூவரும் போனார்கள். அங்கே தாயாரின் திருநாமமே ‘என்னைப் பெற்ற தாயார்’. திரும்பும் வழியில் இருதயாலீஸ்வரர் கோயில் பக்கம் வந்தபோது, அப்பா பூசலார் கதையை எடுத்தார். கல்லும் காசும் இல்லாததால் மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி முடித்த இந்த ஊர் நாயனார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ அரசனின் கனவில் சிவன் வந்து, ‘நாளை பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும், உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வை’ என்றாராம்.

“அவருக்கு மனசுல இருந்தா போதும். எனக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. உங்கம்மா குரலே போன மாசம் சரியா நினைவுக்கு வரல. அதான் அன்னிக்கு ராத்திரி டிஸ்க்கை எடுத்தேன்” என்றார். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் கூடவே நடந்தார்கள்.

இரவு, சொந்தக்காரர்கள் சிலர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் பழைய டி.வி-க்கு எக்ஸ்ஃபேட் தெரியவில்லை. புது டிஸ்க்கைக் காட்டவே இல்லை. தம்பி அதே ஃபேட் 32 பென் டிரைவை எடுத்தான். ஆடியோ ஃபைல்கள் ஒவ்வொன்றும் சில எம்பிதான். 4 ஜிபி வாசலில் அவற்றுக்குத் தடையில்லை. டி.வி உடனே படித்தது.

முதல் பதிவு ஓடியது. கொஞ்ச நேரம் கரகர சத்தம். பிறகு, அம்மாவின் குரல்.

“ஏண்டி, பதிவு பண்றியா? அந்த ஃபேனை நிறுத்துடி முதல்ல. நான் பேசறது ஒண்ணும் கேக்காது.”

யாரும் எதுவும் சொல்வதற்கு முன், அப்பா எழுந்துபோய் கூடத்து ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.